ஆகாயத்தில் ஒட்டுக் குடித்தனம்

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாக வடகிழக்கே போனால், கர்நாடக எல்லையைத் தொட்டும் தொடாமலும் பேரிகை என்று ஓர் ஊர் இருக்கிறது. பேரிகை என்றால் பெரிய முரசு. பெயர்தான் முரசே தவிர, ஊர் அப்படியொன்றும் சத்தம் போடுகிற ஊர் அல்ல. ரோஜாவும் கோசும் தக்காளியும் விளைகிற செம்மண் பூமி. ஒரே மனிதர் வீட்டில் தெலுங்கிலும், சந்தையில் கன்னடத்திலும், தாலுகா ஆபீசில் தமிழிலும் பேசுவதை இங்கே சர்வ சாதாரணமாகக் கேட்கலாம். எல்லையைத் தாண்டிச் சில மைல் போனால் மாஸ்தி வந்துவிடும். கன்னடச் சிறுகதைக்குத் தகப்பனார் என்று சொல்லப்படுகிற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் ஊர். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தப் பக்கம் வந்து போவதற்கு அது ஒன்றே போதுமான சாக்கு.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது வேறு கதை. வாசகர்கள் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் அவனுடைய காம்பஸைக் கொஞ்சம் கடன் வாங்கிக் கொள்ளுங்கள். பூகோளப் படத்தில் முள்முனையைப் பேரிகையில் ஊன்றி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். வடமேற்கே பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை வட்டத்துக்குள் அகப்படும். வடக்கே ஹொஸகோட்டை. கிழக்கே கோலார் தங்க வயல். தென்கிழக்கே ஜவ்வாது மலையில் காவலூர். மேற்கே பியாலாளு என்ற கிராமம். நமது நாட்டில் மனிதன் ஆகாயத்தை ஆராய்ந்த சரித்திரத்தில் முக்கியமான பல அத்தியாயங்கள் இந்த ஒரு வட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. பேரிகைக்காரர்களுக்கு இது தெரியுமோ தெரியாதோ, தெரிந்தால் சற்றுப் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

ஆகாயத்தை ஆராய மலை மேல் ஏறுவார்கள் என்பது நமக்குத் தெரியும். காவலூரில் செய்தது அதுதான். வைணு பாப்பு என்ற மேதை ஜவ்வாது மலைக் காட்டில், சுற்றிலும் விளக்கில்லாத இடமாகப் பார்த்துத் தொலைநோக்கியை வைத்தார். 1977 மார்ச்சில், யுரேனஸ் கிரகத்துக்கும் வளையங்கள் உண்டு என்று கண்டுபிடித்த வானியலாளர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. ஆனால் ஆகாயத்தை ஆராய்வதற்காகப் பூமிக்குள்ளே இறங்கியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கோலார் சுரங்கத்தில், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய ஆழத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, விஞ்ஞானிகள் தங்கள் கருவிகளை வைத்தார்கள். நியூட்ரினோ என்ற துகள் மலையையும் துளைத்துக்கொண்டு வரும். மற்றத் துகள்கள் மேலேயே பாறையில் சிக்கி நின்றுவிடும். ஆகவே பூமியையே ஒரு வடிகட்டியாகப் பயன்படுத்தினார்கள். காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளத்தை 1965இல் அங்கே கண்டார்கள். தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அங்கே எடுத்த தங்கத்தைவிட இந்தச் செய்தி மதிப்புக் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

நியூட்ரினோ எதையும் துளைத்து வருகிறது என்றால், வேறு சில கிரணங்களுக்கு நேர்மாறான சுபாவம். எக்ஸ் கிரணத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நம் சதையைத் தாண்டி எலும்பைப் படம் பிடிக்கிற அதே கிரணம், ஆகாயத்திலிருந்து வரும்போது நமது காற்று மண்டலத்தின் மேல்தட்டிலேயே முடிந்துவிடுகிறது. புற ஊதாக் கிரணத்தில் பெரும்பகுதியும் அப்படியே. நல்ல வேளை, அப்படி நின்றுவிடுகிறபடியால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம். நமக்கு அது பாதுகாப்பு. வானியலாருக்கோ கண்ணை மறைக்கிற திரை. காவலூர் மலை போதாது, இமயமலையும் போதாது. திரைக்கு அப்பால் போயே தீர வேண்டும்.

1957 அக்டோபர் 4ஆம் தேதி ருஷ்யர்கள் ஸ்புட்னிக்கை ஏவினார்கள். 58 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. 84 கிலோ எடை. அதை 'செயற்கைச் சந்திரன்' என்று அந்த நாளில் பெரியவர்கள் சொல்ல, நாங்கள் பையன்கள் மொட்டை மாடியில் இன்னொரு நிலாவைத் தேடினோம். நாலு மாதத்துக்குள் அமெரிக்கர்கள் எக்ஸ்ப்ளோரரை அனுப்பினார்கள். அதிலே வான் ஆலன் என்ற பேராசிரியர் துகள்களை எண்ணுகிற ஒரு சிறு கருவியை வைத்திருந்தார். உயரே போகப் போக எண்ணிக்கை ஏற வேண்டும் அல்லவா? ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று பூஜ்யமாகிவிட்டது! கருவி கெட்டுவிட்டதோ என்று எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். கெடவில்லை. எண்ணி மாளாத அளவுக்குத் துகள்கள் வந்து மோதியதால் கருவி திணறி வாயை மூடிக்கொண்டது. கூட்டம் அளவுக்கு மீறினால் டிக்கெட் கொடுப்பவர் ஜன்னலைச் சாத்திவிடுவது போல. பூமியைச் சுற்றிக் கதிர்வீச்சு வளையங்கள் இருக்கின்றன என்று அப்படித்தான் மனிதனுக்குத் தெரிந்தது. விண்வெளியை ஆராயப் போன செயற்கைக்கோள் கொண்டுவந்த முதல் பெரிய சேதி அதுதான். இந்த வளையங்களைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் நம் ஊர்க் கதையிலும் வரும்.

1962இல் இன்னொரு வேடிக்கை. சந்திரனிலிருந்து எக்ஸ் கிரணம் வருகிறதா என்று பார்க்க, ஜியாக்கோனி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ராக்கெட் ஒன்றில் கருவியை வைத்து அனுப்பினார்கள். சந்திரன் சும்மா இருந்தது. ஆனால் விருச்சிக ராசிப் பக்கத்திலிருந்து எக்ஸ் கிரணம் வெள்ளமாக வந்தது. ராக்கெட் மேலே தங்குவதோ சில நிமிஷம். சில நிமிஷத்தில் இவ்வளவு என்றால், வருஷக் கணக்கில் மேலே தங்கினால் என்ன தெரியாது? 1970 டிசம்பர் 12ஆம் தேதி, கென்யா நாட்டுக் கடலோர மேடையிலிருந்து, எக்ஸ் கிரணத்தை மட்டுமே பார்க்கிற முதல் செயற்கைக்கோளை ஏவினார்கள். அன்று கென்யாவின் சுதந்திர தினம். ஆகவே அதற்கு 'உஹுரு' என்று பெயர். ஸ்வாஹிலி மொழியில் சுதந்திரம். முந்நூறுக்கு மேற்பட்ட எக்ஸ் கிரண மூலங்களை அது ஜாபிதா எடுத்தது. ஜியாக்கோனிக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

தேடிப் போனது ஒன்று, கிடைத்தது ஒன்று என்பதற்கு உச்ச உதாரணம் வேலா செயற்கைக்கோள்கள். ருஷ்யர்கள் ஒப்பந்தத்தை மீறி ரகசியமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று வேவு பார்க்க அமெரிக்க ராணுவம் அனுப்பியவை அவை. 1967 ஜூலையில் காமா கிரணம் பளீரென்று வெடித்தது பதிவாயிற்று. பூமியிலிருந்து அல்ல, சூரியனிலிருந்தும் அல்ல. எங்கோ கண் காணாத் தொலைவில் நட்சத்திர லோகத்திலிருந்து. ராணுவ விஷயமாயிற்றே, வெளியே சொல்வதற்கு 1973 ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனை ஒட்டுக் கேட்கப் போனவன் காதில் பிரபஞ்ச ரகசியம் விழுந்த கதை!

இனி நம் வட்டத்துக்கு வருவோம். விக்ரம் சாராபாய் 1971 டிசம்பரில் காலமானார். அடுத்த மே மாதத்தில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. செயற்கைக்கோளை நாம் கட்ட வேண்டும், ராக்கெட் அவர்களுடையது. பொறுப்பை ஏற்றவர் உடுப்பிப் பக்கத்து யு. ஆர். ராவ். கட்டிய இடம் பீன்யா தொழிற்பேட்டையில் சில கொட்டகைகள். அதற்கு முன் செயற்கைக்கோளைத் தொட்டுப் பார்த்தவர்கள் கூட அந்தக் கூட்டத்தில் அநேகமாக இல்லை. பெங்களூரில் சேதி வாங்குகிற நிலையத்துக்கு இடம் போதாமல் ஒரு கழிப்பறையை மாற்றியமைத்து உபயோகித்ததாக ராவே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார். 26 முகமுள்ள, 360 கிலோ எடையுள்ள அந்தப் பெட்டிக்கு ஆரியபட்டா என்று பெயர் தேர்ந்தவர் இந்திரா காந்தி. 1975 ஏப்ரல் 19ஆம் தேதி ருஷ்யாவின் கபூஸ்தின் யார் என்ற இடத்திலிருந்து அது மேலே போயிற்று.

நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. நம்முடைய முதல் செயற்கைக்கோள் டெலிவிஷன் காட்டுவதற்காகப் போகவில்லை. மழை பார்க்கப் போகவில்லை. அதில் வைத்திருந்த மூன்று பரிசோதனைகளில் ஒன்று நட்சத்திர எக்ஸ் கிரணத்தைப் பற்றியது. இன்னொன்று சூரியனிலிருந்து வரும் நியூட்ரானையும் காமாக் கிரணத்தையும் பற்றியது. மூன்றாவது பூமியின் மேற்காற்று மண்டலத்தைப் பற்றியது. ஏழை நாடு தன் முதல் பெட்டியில் வயிற்றுப்பாட்டை அல்ல, வானத்தை வைத்து அனுப்பியது.

நாலு நாள் எல்லாம் சரியாக நடந்தது. ஐந்தாம் நாள் வாக்கில் பரிசோதனைக் கருவிகளுக்குப் போகிற மின்சாரம் தடைப்பட்டு, மூன்றும் நின்றுவிட்டன. மூன்று வருஷ உழைப்புக்கு நாலு நாள் பலன்! பெட்டியின் உடம்பு மட்டும் நல்ல நிலையில் இருந்தது. 1981 மார்ச் வரை அதோடு பேசிக்கொண்டிருந்தார்கள். செயற்கைக்கோள் கட்டுகிற வித்தையை நம்மவர்கள் அதைக் கொண்டே கற்றார்கள் என்பதும் உண்மை. இரண்டு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் அதன் படம் அச்சாகி வந்தது. காய்கறிக்காரியின் சுருக்குப்பை வரைக்கும் ஆரியபட்டா போயிற்று. 1992 பிப்ரவரியில் அது காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்து போனது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1979இல் பாஸ்கரா, பூமியைப் பார்க்க. 1981இல் ஆப்பிள், செய்தித் தொடர்புக்கு. அதை மாட்டு வண்டியில் ஏற்றி நிறுத்திச் சோதித்த புகைப்படம் உலகமெல்லாம் பரவியது. இரும்பு வண்டியென்றால் ஆண்டெனாவின் அலையைக் கெடுக்கும் என்பதற்காக மர வண்டி, வறுமைக்காக அல்ல. அப்புறம் இன்சாட், ஐ.ஆர்.எஸ். என்று வரிசையாகப் போனவை எல்லாம் பூமியை நோக்கித் தலைகுனிந்து வேலை செய்தவை. புயல் வருகிறதா, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, எந்த ஜில்லாவில் பயிர் எவ்வளவு என்று பார்த்துச் சொன்னவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நட்சத்திரம் பார்க்க நினைத்த நம் விஞ்ஞானிகளுக்குச் சொந்த வீடு இல்லை. ஒட்டுக் குடித்தனந்தான். 1994இல் ஏவிய ஸ்ராஸ் சி-2 என்ற சின்னப் பெட்டியில் காமா வெடிப்புகளைப் பதிவு செய்ய ஒரு மூலை கிடைத்தது. 1996இல் பூமியைப் படம் பிடிக்கப் போன ஐ.ஆர்.எஸ். பி-3இல் எக்ஸ் கிரணக் கருவிக்கு ஒரு திண்ணை கிடைத்தது. வாடகைக்கு இருப்பவனுக்குத் தெரியும், வீட்டுக்காரருடைய சௌகரியத்துக்குத் தகுந்தபடிதான் ஜன்னலைத் திறக்க முடியும். வண்டி பூமியைப் பார்த்துக் கொண்டிருக்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்கத் திருப்பு என்றால் திருப்புவார்களா? அதற்கென்று ஒதுக்கிய சில நாட்களில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே கருந்துளைகளைச் சுற்றி நடக்கிற விபரீதங்களைப் பற்றி நல்ல ஆராய்ச்சிகள் செய்தார்கள் என்றால் அவர்கள் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

பேரிகைப் பக்கத்தில் தக்காளி போடுகிற ஒருவரிடம் ஒரு தரம் இதையெல்லாம் பேசிக் கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார். "மழையைச் சொல்லுது, புயலைச் சொல்லுது, சரிங்க சார். நட்சத்திரத்தைப் பார்த்து நமக்கு என்ன ஆவப்போவுது?" என்றார். நான் பதிலுக்குப் பஞ்சத்தைப் பற்றிச் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியில் பஞ்சங்கள் வந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்டபோது, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று ஆராய வேண்டும் என்று சர்க்காருக்குத் தோன்றியது. கோடைக்கானலில் 1899இல் சூரிய ஆராய்ச்சி நிலையம் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப மழைக் கணக்குத் தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். அந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாக அகப்படவில்லை. ஆனால் சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்று எவர்ஷெட் என்பவர் 1909இல் அங்கே கண்டுபிடித்தார். உலகம் முழுதும் அதற்கு அவர் பெயர்தான். இதைச் சொன்னதும் அவர், "ஒண்ணு தேடப் போனா ஒண்ணு கிடைக்குது. கிணறு வெட்டறதும் அப்படித்தானுங்க" என்றார். வேலா கதையை நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

சொந்த வீடு 2015 செப்டம்பர் 28ஆம் தேதி கிடைத்தது. பெயர் ஆஸ்ட்ரோசாட். ஆரியபட்டாவுக்குப் பிறகு நாற்பது வருஷம். இதன் விசேஷம், ஒரே நட்சத்திரத்தை ஒரே சமயத்தில் புற ஊதாவிலும் எக்ஸ் கிரணத்திலும் பார்க்கலாம். ஒரு மனிதனை ஒரு பக்கம் போட்டோ எடுத்து, அதே நிமிஷம் நாடியும் பிடித்துப் பார்க்கிற மாதிரி. இதைப் பூமத்திய ரேகைக்கு வெறும் 6 பாகை சாய்வில், 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்ற விட்டார்கள். காரணம் வான் ஆலன் வளையங்கள். அந்த வளையம் தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே மட்டும் வெகுவாகத் தாழ்ந்து வருகிறது. அங்கே நுழைந்தால் கருவிகள் திணறும். ரேகையை ஒட்டியே சுற்றினால் அதன் ஓரத்தைத் தொட்டுத் தப்பித்துக் கொள்ளலாம்.

இதிலே இருந்த புற ஊதாத் தொலைநோக்கியை ஒருங்கிணைத்தது நம் வட்டத்தின் வடபுறத்திலே, ஹொஸகோட்டையில், இந்திய வானியற்பியல் கழகத்தின் ஆராய்ச்சிச் சாலையில். அந்த வேலையின் ஆசாரத்தைக் கேட்டால் எங்கள் பாட்டியே தோற்றுப் போவாள். புற ஊதாக் கண்ணாடி மேல் மூலக்கூறு அளவில் ஓர் எண்ணெய்ப் படலம் படிந்தாலும் போதும், பார்வை மங்கிவிடும். ஆகவே தூசி துரும்பில்லாத அறை. தலை முதல் கால் வரை மூடிய அங்கி. மூச்சுக்கூட அளந்து விட வேண்டும். ஏவிய பிறகாவது மடி முடிந்ததா? இல்லை. செயற்கைக்கோளின் மற்றப் பாகங்களிலிருந்து கசிகிற ஆவி எல்லாம் வெளியேறட்டும் என்று, மேலே போய் இரண்டு மாதம் வரை தொலைநோக்கியின் கதவைத் திறக்கவே இல்லை. நவம்பர் 30ஆம் தேதிதான் திறந்தார்கள். 2016 அக்டோபரில் வானத்தின் ஒரே துண்டை 28 மணி நேரத்துக்கு மேல் உற்றுப் பார்த்தார்கள். அதிலே 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் ஒளி அகப்பட்டது. அந்த ஒளி புறப்பட்டபோது நம் பூமியே பிறக்கவில்லை. அந்த முடிவு 2020இல் வெளியாயிற்று. அந்தத் தொலைநோக்கியின் மூன்று கண்களில் ஒன்று 2018இல் அவிந்து போனாலும், ஐந்து வருஷத்துக்கென்று போன ஆஸ்ட்ரோசாட் 2025இல் பத்து வருஷத்தைப் பூர்த்தி செய்தது. நாலு நாள் எங்கே, பத்து வருஷம் எங்கே!

எக்ஸ் கிரணத்தின் இன்னொரு குணத்தை அளக்க 2024 ஜனவரி முதல் தேதி எக்ஸ்போசாட் போயிற்று. அதன் முக்கியக் கருவி பெங்களூர் ராமன் கழகத்தில் செய்தது. சந்திரனுக்குப் போன மூன்று யாத்திரைகளைப் பத்திரிகைகள் போதுமான அளவு கொட்டி முழக்கிவிட்டன; மயில்சாமி அண்ணாதுரை, வனிதா, வீரமுத்துவேல் என்று நம் பக்கத்துப் பெயர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அவற்றை விட்டு ஆதித்யாவைப் பற்றிச் சொல்கிறேன்.

சூரியனைச் சுற்றி ஒரு வெண்ணொளி வட்டம் உண்டு. சூரிய பிம்பத்தின் பிரகாசத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அதற்கு. ஆகவே பூரண கிரகணத்தன்றுதான் கண்ணுக்குப் படும். 1868 ஆகஸ்டு 18ஆம் தேதிக் கிரகணத்துக்குப் பிரெஞ்சுக்காரர் ஜான்சென் குண்டூருக்கு வந்து முகாம் போட்டார். ஹீலியம் என்ற வாயுவின் கதை அந்தக் கிரகணத்தில்தான் ஆரம்பமாகிறது. ஆனால் கிரகணம் எத்தனை நிமிஷம்? நாலோ ஐந்தோ. மேகம் வந்தால் அதுவும் போச்சு. பல்லாயிரம் மைல் கப்பலேறி வந்து மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். ஆதித்யாவில் இருக்கிற கருவி ஒன்று தினமும் கிரகணம் பிடிக்கிறது. அதிலே நடுவில் துளையிட்ட ஒரு கண்ணாடி. சூரிய பிம்பம் துளை வழியாக வெளியே போய்விடும். சுற்றியுள்ள வெண்வட்டம் மட்டும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இந்தக் கருவியையும் பூட்டியது அதே ஹொஸகோட்டைச் சாலையில்தான்.

2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஏவி, 2024 ஜனவரி 6ஆம் தேதி அதை 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் சூரியனுக்கும் நமக்கும் நடுவே உள்ள ஒரு நிலையத்தில் கொண்டு நிறுத்தினார்கள். அங்கே பூமியின் நிழல் விழாது; சூரியனுக்கு அஸ்தமனமே கிடையாது. திட்ட இயக்குநர் செங்கோட்டைப் பெண்மணி நிகர் ஷாஜி. 2024 மே மாதத்தில் பெரிய சூரியப் புயல் அடித்து, லடாக்கில் ஹன்லே வானம் சிவந்து போனபோது, அந்தப் புயலை ஆதித்யாவின் கருவிகள் அளந்தன. அதே ஹன்லேயில் நமக்கு ஒரு தொலைநோக்கி இருக்கிறது. அதை இயக்குகிறவர்கள் பனியில் உட்கார்ந்திருக்கவில்லை. ஹொஸகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் இயக்குகிறார்கள்.

இப்போது பேரிகையில் இரவில் அண்ணாந்து பார்த்தால் வடமேற்கே பெங்களூரின் வெளிச்சம், தென்மேற்கே ஓசூரின் வெளிச்சம், போதாததற்குப் பூ தாமதமாகப் பூக்க வேண்டும் என்று சாமந்தித் தோட்டங்களில் போடுகிற பல்புகளின் வெளிச்சம். பால்வீதியைத் தேட வேண்டியிருக்கிறது. காவலூர்க்காரர்களும் சுற்றுப்புற ஊர்களின் விளக்கைக் கண்டு கவலைப்படுகிறார்கள். பியாலாளு கிராமத்தில் மட்டும் 32 மீட்டர் அகலமுள்ள பெரிய கிண்ணம் ஒன்று ஆகாயத்தை நோக்கி வாயைத் திறந்தபடி நிற்கிறது. தொலைவில் உள்ள கலங்கள் சொல்வதெல்லாம் அதன் காதில்தான் விழுகிறது. ஆஸ்ட்ரோசாட் பார்த்தவை 2018 செப்டம்பரிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. தக்காளிக்காரரின் பேத்தி ஓசூரில் காலேஜில் பிசிக்ஸ் படிக்கிறாள். அந்த விலாசத்தை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.